அந்த இடத்தில் ஓர் இருமல்

கொரோனா ஓய்ந்து, முகக்கவசங்கள் எல்லாம் கைப்பையின் அடியில் கசங்கிக் கிடந்த வருடம் அது. ஹைதராபாத்தில், குஷாய்குடாவில் எங்கள் காலனி மைதானத்தில்தான் இதெல்லாம் தொடங்கியது. பக்கத்தில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் எனக்குச் சோதனைப் பிரிவில் வேலை. ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அந்த வயதில் என் தோழிகள் யோகா வகுப்பில் சேர்ந்தார்கள், நான் பேக்பைப் பேண்டில் சேர்ந்தேன்.

சிரிக்காதீர்கள். ராணுவ அணிவகுப்பில் கட்டம் போட்ட துணியைப் பாவாடை மாதிரி கட்டிக்கொண்டு, கக்கத்தில் ஒரு பையை இடுக்கி ஊதிக்கொண்டு போவார்களே, அதே வாத்தியம்தான். ராணுவ பேண்டில் வாசித்து ஓய்வுபெற்ற ஒரு சுபேதாரும், ஆசைக்குச் சேர்ந்த எங்களைப் போன்ற பத்துப் பன்னிரண்டு பேரும்தான் பேண்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சி. சுதந்திர தினம், பள்ளி விளையாட்டு விழா, சர்ச் ஊர்வலம் என்று யார் கூப்பிட்டாலும் போவோம். டீயும் சமோசாவும்தான் சம்பளம். "ஆட்டை மிதிச்ச மாதிரி இருக்கு" என்று என் கணவர் விமர்சனம் சொல்வார். மாதாப்பூர் ஐ.டி. கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்த என் மகள், "அம்மா ப்ளீஸ், மீட்டிங் உந்தி" என்று, மீட்டிங் இருப்பதைத் தெலுங்கில் கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

இந்த வாத்தியத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. நாதஸ்வரத்தில் ஊதுகிற மூச்சு நேராகச் சத்தமாகிவிடும். இதில் அப்படி இல்லை. ஊதும் மூச்சு ஓர் ஆட்டுத்தோல் பைக்குள் போய்த் தங்கும். முழங்கையால் பையை அழுத்தும்போதுதான் அது குழல்களுக்குப் போகும். ஒரு குழலில் விரல் வைத்து மெட்டு வாசிக்க வேண்டும். தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று குழல்கள் ஓயாமல் சுருதி போட்டுக்கொண்டிருக்கும். வாயை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் சத்தம் வரும். சற்று முன் ஊதிய மூச்சு உள்ளேயிருந்து பாடிக்கொண்டிருக்கும்.

எங்களில் நிஜமாகவே நன்றாக வாசித்தவர் ஒருவர்தான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆர்க்காட்டுப் பக்கமிருந்து எப்போதோ வந்து இங்கேயே வேர்விட்ட குடும்பம். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். மெதுவான மெட்டு ஒன்று வைத்திருந்தார். அதன் பெயர் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இரண்டாவது வரி மேலே ஏறும் இடத்தில் வாயைக் குழலிலிருந்து எடுப்பார். வறட்சியாக, சின்னதாக ஒரே ஓர் இருமல். பை பாடிக்கொண்டே இருக்கும். பிறகு மறுபடி வாய் வைத்து ஊதுவார். முதலில் சுபேதார் கடிந்துகொண்டார். போகப் போக அந்த இருமல் மெட்டோடு சேர்ந்துவிட்டது. அது வராவிட்டால்தான் எங்களுக்குத் தாளம் தப்பும்.

அந்த இருமல் வளர்ந்து மூச்சுத் திணறலாகி, ஒரு சங்கராந்தி கழிந்த வாரத்தில் அவர் போய்விட்டார். நுரையீரல் இறுகிக் காய்ந்துபோனது என்று டாக்டர் சொன்னாராம். அத்தனை வருட வெல்டிங் புகை சும்மா விடுமா என்று எல்லோரும் பேசிக்கொண்டோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய மனைவி வாத்தியப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். சுபேதாரிடம் ஒரு பழக்கம் உண்டு, அவருடைய படைப்பிரிவில் கற்றுக்கொண்டது என்பார். வாசிப்பவர் இறந்துவிட்டால் அவருடைய வாத்தியம் ஒரு வருடத்துக்கு ஊமையாகக் கூடாது. வேறொருவர் தினமும் அதை வாசித்து உயிரோடு வைத்திருக்க வேண்டும். முதல் வருஷத் திதியன்று அவர் வீட்டு வாசலில், அவர் வாத்தியத்திலேயே அவர் மெட்டை வாசித்துக் குடும்பத்திடம் ஒப்படைத்துவிட வேண்டும். வாசிக்காமல் போட்டால் தோல் பை வறண்டு வெடித்துவிடும் என்பதுதான் காரணமாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சொந்த வாத்தியம் இல்லாமல் பயிற்சிக் குழலை மட்டும் வைத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். அக்கா பெட்டியை என் கையில் வைத்தார்.

"பையத் தொறக்க நக்கோ மா. கழுவவும் நக்கோ. அவுரு மூச்சு உள்ள இருக்குது." நக்கோ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம்.

அந்தப் பையை அக்காவின் கணவர் பல வருடங்களாகக் கழுவியதே இல்லை என்பதும், தோல் மிருதுவாக இருக்க அக்காதான் அவ்வப்போது தேனும் கிளிசரினும் கலந்து உள்ளே ஊற்றுவார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவருடைய வாசிப்பின் ரகசியமே அந்தத் தேன்தான் என்று சுபேதாரும் பெருமையாகச் சொன்னார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

முதல் நாள் வாய் வைத்தபோது தேன் வாசம். அதன் அடியில் ஈரத்தோல் வாசம். அதற்கும் அடியில், மழைக்காலத்தில் திறக்காத பீரோவைத் திறந்தால் வருமே, அந்த வாசம். ஆனால் சத்தம்! அவ்வளவு கனிந்த சுருதியை நான் கேட்டதே இல்லை. வாசித்து முடித்து வாயை எடுத்தபோது, பை என் விலாவில் சாய்ந்து மெல்லச் சுருங்கியது. யாரோ என் தோளில் தலை வைத்துப் பெருமூச்சு விட்டதுபோல இருந்தது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அன்று பெட்டியைப் படுக்கையறையில் வைக்க மனம் வரவில்லை, ஹாலில் வைத்தேன்.

தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் அரை மணி நேரம் வாசிப்பேன். அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. அக்கா ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்பாராம். காய்கறிக் கடையில் ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டு, "நேத்து கேக்கறப்போ நீதானா அவரானு எனக்கே சந்தேகமாப் போச்சு மா" என்றார். பெருமையாக இருந்தது. கூடவே கழுத்தின் பின்பக்கம் சில்லென்றும் இருந்தது.

மழைக்காலம் தொடங்கியபோது ராத்திரிக் காய்ச்சல் ஆரம்பித்தது. வாசித்து நாலைந்து மணி நேரம் கழித்து உடம்பு நடுங்கும், மார்பு இறுகும், விடிந்தால் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். கொரோனா சோதனை செய்தோம், இல்லை என்று வந்தது. வைரல் என்றார் குடும்ப டாக்டர். இருமல் மட்டும் போகவில்லை. வறட்டு இருமல்.

ஆகஸ்ட் பதினைந்து அன்று காலனியில் கொடியேற்றம். மறைந்தவருக்கு மரியாதையாக அவருடைய மெட்டையே வாசிக்க முடிவு செய்திருந்தார்கள். சுபேதார் முன்னால் நிற்க, நான் பின்வரிசையில் நின்றேன். இரண்டாவது வரி மேலே ஏறியது. என் நெஞ்சு அடைத்தது. வாயை எடுத்தேன். ஓர் இருமல் வந்தது. மறுபடி வாய் வைத்து ஊதினேன்.

சுபேதார் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அணிவகுப்பில் தலை திரும்பக் கூடாது என்று எங்களைப் படுத்தி எடுக்கும் மனிதர் அவர். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பார்த்தது என்னை அல்ல, எனக்குப் பக்கத்தில் இருந்த காலியிடத்தை. அங்கேதான் மறைந்தவர் நிற்பது வழக்கம். பிறகுதான் எனக்கே உறைத்தது. அதே இடம், அதே இருமல். நான் வேண்டுமென்று செய்யவில்லை. கூட்டத்தில் நின்றிருந்த அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

கலைந்து போகும்போது எங்கள் டிரம் வாசிப்பவர் என்னைத் தனியே கூப்பிட்டார். ஹைதராபாத்தின் பழைய நகரத்துக்காரர், எப்போதும் கேலி பேசுபவர். அன்று கேலி இல்லை.

"நக்கோ மேடம், ஓ பாஜா நக்கோ. உனோ ஆப்கு புலாரைன்."

அந்த வாத்தியம் வேண்டாம், அவர் உங்களைக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். சிரித்து மழுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைத் தாண்டப் பார்ப்பேன். இந்தத் தடவை இருமக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பேன். முடியாது. அந்த இடம் வரும், இருமல் வரும். விடுமுறை நாளில், நல்ல வெளிச்சமுள்ள மத்தியானத்தில், மின்விசிறி ஓடும் ஹாலில், என் நெஞ்சிலிருந்து இன்னொருவர் இருமினார். அதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

எடை குறைந்தது. ஆபீஸ் மாடிப்படியில் பாதியில் நிற்க வேண்டியிருந்தது. இன்னொரு டாக்டர், வீட்டில் புறா உண்டா என்று கேட்டார். இந்த ஊரில் புறா இல்லாத பால்கனி ஏது? புறா எச்சத்தால் நுரையீரல் கெடும் என்றார். என் கணவர் அன்றே ஆள் கூப்பிட்டு வலை கட்டினார். புறாக்கள் போயின. இருமல் இருந்தது.

தீபாவளி சமயம் என் தங்கைக்கு ஆபரேஷன். துணைக்குச் சென்னை போய் மூன்று வாரம் இருந்தேன். முதல் வாரமே காய்ச்சல் நின்றது. இரண்டாம் வாரம் இருமல் நின்றது. மூன்றாம் வாரம் தங்கை வீட்டு மாடிக்குத் துணி காயப்போட ஏறி இறங்கினேன். ஹைதராபாத் திரும்பினேன். வாக்குக் கொடுத்திருக்கிறோமே, தோல் வறண்டுவிடுமே என்று அன்றே பெட்டியைத் திறந்து வாசித்தேன். இரவுக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். அப்போதுதான் நான் முதன்முதலாக உண்மையிலேயே பயந்தேன். சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள், கண்ணால் பார்க்காததை நம்பாதவள், என் கணவரிடம் "அவர் என்னை விடமாட்டார் போலிருக்கு" என்று சொல்லி அழுதேன். பெட்டியை கார் டிக்கியில் போட்டுப் பூட்டச் சொன்னேன்.

செகந்திராபாத்தில் நுரையீரல் டாக்டர் ஒருவரிடம் போனோம். ஸ்கேன் பார்த்தார், முகம் மாறியது. "சென்னையில் நீங்கள் செய்யாமல் இருந்தது என்ன?" என்று கேட்டார். யோசித்துச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, அந்த வாத்தியத்தை முன்பு வாசித்தவர் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

ஊதுகுழல் வாயிலிருந்து துடைத்து எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பையின் உட்புறம் பூசணம் பிடித்திருப்பது அதில் தெரிந்தது. ஊதும்போது மூச்சை இழுக்கிறோம் இல்லையா, அப்போதெல்லாம் அது துளித் துளியாக நுரையீரலுக்குள் போயிருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்ததால் எனக்குப் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் இனிமேல் அதில் வாய் வைக்கக் கூடாது என்றார். அக்காவின் கணவர் இறந்தது இதனால்தானா என்று இப்போது யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இல்லை என்றும் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

பேய் இல்லை, பூசணம்தான். நான் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. திதிக்கு இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. திதி முடிந்ததும் வாத்தியம் யாரிடம் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவருடைய மகன் வேலைக்குப் போகும் பையன், அப்பா போன பிறகு சுபேதாரிடம் ரோஷமாகக் கற்றுக்கொண்டிருந்தான். அவனுடைய நாளெல்லாம் அந்த ஒப்படைப்பை எதிர்பார்த்துத்தான் ஓடியது. நான் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கினால் அடுத்த இருமல் அவனுடையது. சொன்னாலோ, அக்காவிடம் என்னவென்று சொல்வது? நீங்கள் பொத்திப் பொத்தி வைத்தது அவருடைய மூச்சு இல்லை, அவருடைய மூச்சை நிறுத்தியது என்றா? தேன் ஊற்றிய கை அக்காவுடையதல்லவா? ஒரு வாரம் இதையே மென்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் டிக்கியிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். அக்காவும் மகனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு என் ஸ்கேன், டாக்டர் சொன்னது, சோதனையில் வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். தேனைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. மகன், "பட் ஆன்ட்டி, டாடிக்கு வெல்டிங் ஸ்மோக்னு..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

அக்கா எழுந்தார். அலமாரியில் இருந்த துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தார். "வா மா" என்று கொல்லைப்புறம் துவைக்கும் கல்லுக்குப் போனார். டாக்டர் சொல்லியிருந்தபடி மூவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு, பையை நன்றாக நனைத்தோம். மகன் வெட்டுகிறேன் என்றதற்கு, "நக்கோ, நீ தொடாத" என்றார். இடது உள்ளங்கையைப் பையின் மேல் ஊன்றி அழுத்தினார்.

ஒரு சத்தம் வந்தது. பெரிய சுருதிக் குழலிலிருந்து, அடித்தொண்டையில் ஒரு நீளமான முனகல். எவ்வளவு நேரம் என்று தெரியாது, எங்களுக்கு நீளமாக இருந்தது. பிறகு நின்றது. எதிர்வீட்டு நாய் அதற்குப் பிறகு குரைத்தது. பையில் மிச்சம் இருந்த காற்று என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பை ஒரு ராத்திரிகூடக் காற்றைப் பிடித்து வைக்காது என்பது தினமும் அதை ஊதிய எனக்குத் தெரியும். அது பல நாளாகப் பூட்டிய டிக்கியில் கிடந்தது.

"போயிட்டாரு" என்றார் அக்கா. சாதாரணமாக, பஸ் போய்விட்டது என்பதுபோலச் சொன்னார். பிறகு தையலை வெட்டித் தோலை விரித்தார். உள்ளே கறுப்பும் பச்சையுமாகப் பூனை முடி மாதிரி அடர்ந்திருந்தது. மகன் திரும்பிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றான். அக்கா மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கை கழுவும்போது, என் பக்கம் திரும்பாமல் சொன்னார், "தேன் நான்தானே மா ஊத்தனன்."

டாக்டர் தேனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை அக்கா என்றேன். அது உண்மைதான். நான் கேட்கவே இல்லை. இன்றுவரை கேட்கவும் இல்லை. அவர் குழாயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீ நல்லா இரு" என்று ஈரக் கையால் என் கன்னத்தைத் தொட்டார். அன்று அவர் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் மறுபடி மறுபடி கை கழுவிக்கொண்டிருந்ததை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

மறுவாரமே அக்காவை இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுக்க வைத்தேன். நுரையீரல் சுத்தமாக இருந்தது. பேண்டில் எல்லோருடைய பையையும் திறந்து பார்த்தார் சுபேதார். எல்லாவற்றையும் மாற்றினார். அவர் பெருமையாகச் சொன்ன தேன் கதையை அதற்குப் பிறகு அவர் வாயால் நாங்கள் கேட்கவில்லை.

திதியன்று காலை அவர்கள் வாசலில் கூடினோம். அவருடைய குழல்களைக் கழுவிக் காயவைத்து, புதிய சீவாளிகள் பொருத்தி, கழற்றிக் கழுவக்கூடிய புதிய பையில் மாட்டியிருந்தோம். மகன்தான் வாசித்தான். நான் டிரம் வரிசையில், கையில் சின்ன ஜால்ராவோடு நின்றேன். பையன் நன்றாகவே வாசித்தான். இரண்டாவது வரி மேலே ஏறியது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த அந்த இடம் வந்தது. யாரும் மூச்சு விடவில்லை. பையனுக்கு மூச்சு போதவில்லையோ என்னவோ, வாயை எடுத்தான். பை தனியாகப் பாடியது.

வாசற்படிக்குள்ளிருந்து ஓர் இருமல் வந்தது. வறட்சியாக, சின்னதாக, ஒரே ஒரு தடவை. அச்சு அசல் அவருடையது.

சுபேதாரின் கையிலிருந்த தடி கீழே விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். கண் முழுக்கத் தண்ணீர், வாயில் குறும்பாக ஒரு சிரிப்பு. பையன் மறுபடி வாய் வைத்து ஊதினான், மெட்டு மேலே போய்விட்டது. முடிந்த பிறகு ஓடிப்போய் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "பயந்துட்டியா? நான்தான் மா. அது இல்லாம அந்தப் பாட்டு எனக்குத் தெரியாது" என்றார்.

இப்போது எனக்குப் பெரும்பாலும் சரியாகிவிட்டது. பேண்டுக்கு டிரம்மும் ஜால்ராவுமாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் பையன் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வாசித்து முடித்ததும் பையைக் கழுவி, என்னிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான். ஆனாலும் மாடிப்படி ஏறி நின்று மூச்சு வாங்கும்போது, உள்ளே போவது என்ன என்று கேட்காமல் மாதக்கணக்கில் அன்பின் பேரில் உறிஞ்சிக்கொண்டிருந்தேனே என்று உடம்பு ஒரு தடவை நடுங்குகிறது, வெளியே வருவது என் மூச்சுதானா என்று ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைக்கிறேன்.